ஆளுக்குப் பாதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடம். செனாயில் தங்கை வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பாக்குவெட்டி. பித்தளைப் பிடி, கழுவித் துடைத்த இரும்பு வாய். அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. தட்டில் ஒரு வெள்ளை மாத்திரையின் இரண்டு துண்டுகளும் கொஞ்சம் தூளும் இருந்தன. துண்டுகள் சமமாக இல்லை.

யோங் பெங்கில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து காரோடு வந்து தங்கையையும் அவள் கணவரையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு முகூர்த்தம். நேரம் இருந்ததால் காப்பி குடிக்க உள்ளே வந்தேன்.

“யாருக்கு மருந்து?” என்று கேட்டேன்.

“அவருக்குத்தாண்ணே. லிவர் மருந்து.”

“அத ஏன் வெட்டி வச்சிருக்க?”

“அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.”

வடையைப் பிய்த்துக் கொடுப்பதுபோல் சொன்னாள். பெரிய துண்டைக் கணவருக்கு ஒதுக்கினாள். சின்னதை வாயில் போட்டு அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவளுடைய வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

நான் முப்பத்தொரு வருடம் தமிழ் நாளிதழில் வேலை பார்த்தவன். முதலில் நிருபர், பிறகு பக்கம் தயாரிக்கும் துணையாசிரியர். கேள்வி கேட்பதற்காகச் சம்பளம் வாங்கியவன். அந்த வீட்டுக்கு மாதம் இரண்டு முறையாவது போவேன். அவள் கணவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியும். கோயிலில் நடந்த ரத்ததான முகாமில்தான் அது தெரியவந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். அவளுக்கும் அதே கிருமி இருக்கிறதா என்று அந்தக் காலை ஏழு இருபதுக்கு முன் நான் கேட்டதில்லை. அவள் சொன்னதும் இல்லை.

“எவ்வளவு நாளா இப்படி?”

அவள் யோசித்தாள். “மக ஃபார்ம் த்ரீ படிக்கிறப்ப ஆரம்பிச்சது.”

ஃபார்ம் த்ரீயில் பதினைந்து வயது. மகள் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வருடம்.

தங்கையின் கணவர், என் மாப்பிள்ளை, தலை வாரியபடி வந்தார். தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். “என்ன மச்சான், கல்யாணத்துக்குப் போறோமா, கருமாதிக்குப் போறோமா?” என்றார்.

காரில் அவர் முன்னால் உட்கார்ந்தார், தங்கை பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியபிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தப்பாக அவர்கள் அதை நினைத்திருக்கவே இல்லை.

அவருக்கு நோய் தெரிந்ததும் மருத்துவமனையில் மனைவியின் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார்கள். செனாயில் ஒரு தனியார் கிளினிக்கில் சோதித்தாள். கிருமி இருந்தது, கல்லீரலும் பாதிக்கத் தொடங்கியிருந்தது. அரசாங்க மருத்துவமனையில் பதிந்துகொள்ளச் சொல்லி அந்த டாக்டர் கடிதம் கொடுத்தார். கடிதம் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

காரணம் வேலை. அப்போதுதான் அவளுக்கு சிங்கப்பூரில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கும் வேலை கிடைத்திருந்தது. விடிகாலை மூன்றே முக்காலுக்கு எழுந்து பஸ் பிடித்து எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். அவளை வேலைக்கு எடுத்துவிட்ட ஏஜெண்ட் புதுப் பெண்களை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறான்.

“என்ன சொன்னான்? அப்படியே சொல்லு.”

“‘லிவர் வியாதி, ரத்த வியாதின்னு எந்த ஆஸ்பத்திரிலயும் பேரு ஏறக்கூடாது. ஏறிருச்சுன்னா கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிரும். அப்புறம் அந்தப் பக்கம் கேட்டே தொறக்காது’ன்னான்.”

“நீ நம்பிட்ட.”

“சாப்பாட்டு வேலைண்ணே. நானே முதலாளியா இருந்தாலும் என்னைய வெளிய அனுப்பிருப்பேன்.”

இந்த நோய் சாப்பாட்டில் ஒட்டாது; ரத்தத்திலும், உடலுறவிலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் ஒட்டும். காரை ஓட்டிக்கொண்டே இதைச் சொன்னேன். மாப்பிள்ளை ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“பேரு ஏறக்கூடாது. ஆனா மருந்து சாப்பிடணும். அதுக்குத்தான் இவ என்கிட்ட கேட்டா,” என்றார். “பொண்டாட்டி கேட்டா எப்படி மச்சான் இல்லேன்னு சொல்றது? மொதல்ல ஒருநா எனக்கு, ஒருநா அவளுக்குன்னு வச்சோம். அப்புறம் இவதான் சொன்னா, தினமும் சாப்பிடணும்னு பேப்பர்ல போட்டிருக்கு, ஒருநா விடக்கூடாதுன்னு. சரி, வெட்டிருவோம்னு வெட்டிட்டோம். மொத மாத்திரை பெருசு, கத்திக்கு அடங்குச்சு. மூணு வருசத்துக்கு முன்னால மாத்திக் கொடுத்தாங்க. இது சின்னது, வழுக்கி வழுக்கி ஓடும். அம்மா சாமான்ல பாக்குவெட்டி இருந்துச்சு.”

“ஏன் மாத்திக் கொடுத்தாங்க?”

“கிருமி எண்ணிக்கை ஏறிருச்சாம்.”

“ஏன் ஏறுச்சுன்னு கேக்கலயா?”

“அத அவங்கதானே லா கேக்கணும்.”

கல்யாண மண்டபத்தில் ஓர் அத்தை தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அலமாக், எப்படிம்மா இப்படி எளைச்ச? என்ன டயட்? எங்களுக்கும் சொல்லு லா.”

“மூணே முக்காலுக்கு எந்திரிச்சு பஸ் ஏறுங்க அத்தை. தானா எளைக்கும்,” என்றாள் அவள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

மேசைக்குக் கீழே அவள் செருப்பைக் கழற்றியிருந்தாள். பாதத்தில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இலையில் வைத்த சோற்றை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினாள். சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவளை வேலைக்கு விடவில்லை. இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முன்பதிவு கிடையாது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டே கால்வரை காத்திருந்தோம். அவள் நான்கு முறை என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள்: “பேரு எழுதாமப் பாக்க முடியுமாண்ணே?” நான்காவது முறை நான் சத்தம் போட்டுவிட்டேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் மாப்பிள்ளையின் மருத்துவக் கோப்பை வாங்கிப் புரட்டினேன். அதில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. எங்கள் நாளிதழ். ஹெபடைட்டிஸ் பி பற்றிய கட்டுரை. தலைப்பை அமைத்தது நான். எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. ‘தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம்’ என்ற வரியின் கீழ் தங்கை பேனாவால் கோடு போட்டிருந்தாள். கட்டுரை அந்தப் பத்தியோடு முடிந்தது. அதற்குக் கீழே தீபாவளிச் சேலை விளம்பரத்தின் மேல் விளிம்பு.

அந்தக் கட்டுரை அங்கே முடியவில்லை. அதை எழுதிய மருத்துவர் இன்னொரு பத்தி எழுதியிருந்தார். முழு அளவு சாப்பிட வேண்டும், யாரோடும் பகிரக் கூடாது, குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்பது அதன் சாரம். மாலையில் விளம்பரம் பெரிதாகி வந்தது. செய்திக்கு இடம் குறைந்தால் கடைசியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழிலின் பழக்கம். முக்கியமானது மேலே இருக்கும் என்பது கணக்கு. செய்தியாளர் எழுதியதற்கு அந்தக் கணக்கு சரி. மருத்துவர் எழுதியதற்குச் சரியா என்று நான் நின்று பார்க்கவில்லை.

அச்சான அன்று அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“கடைசிப் பத்தியைக் காணோமே சார்?”

“இடம் இல்லை டாக்டர்.”

“அதைச் சொல்லத்தானே மற்றதெல்லாம் எழுதினேன்.”

“அடுத்த வாரம் பார்க்கலாம்,” என்றேன். அடுத்த வாரம் பார்க்கவில்லை.

தினமும் என்று அச்சில் இருந்தது. அவர்கள் தினமும் சாப்பிட்டார்கள். முழு மாத்திரை என்று அச்சில் இல்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் துண்டை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க எனக்குப் பிடிக்கவில்லை. உறைக்குள் திரும்ப வைத்தேன். தங்கையிடம் அன்று சொல்லவில்லை. பிறகு சொன்னபோது, “உனக்கு எப்படிண்ணே தெரியும், நாங்க வெட்டுவோம்னு?” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

டாக்டர் மலாய்ப் பெண். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காத களைப்பு முகத்தில் தெரிந்தது. கோப்பைத் திறந்தபடியே மாப்பிள்ளையிடம் கேட்டார்.

“ஊபாட் ஹரி-ஹரி மாக்கான்?” மருந்து தினமும் சாப்பிடுகிறீர்களா?

“ஹரி-ஹரி, டாக்டர்.”

அவர் கோப்பில் ஒரு டிக் போட்டார். பழைய பக்கங்களிலும் அதே இடத்தில் அதே டிக். வெவ்வேறு பேனா, வெவ்வேறு கையெழுத்து. ஒன்பது வருடம் அந்த ஒரு கேள்வி, அந்த ஒரு பதில். பதிலில் பொய் இல்லை.

“எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்,” என்றேன் மலாயில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். அண்ணன் என்றேன். மாப்பிள்ளை விரலால் காற்றில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார்.

“செப்பாரோ?” என்றார் டாக்டர். பாதியா?

“பாதி. மீதிப் பாதி மனைவிக்கு,” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் இதை இத்தனை வருடம் மறைத்தீர்கள் என்று குரலை உயர்த்தினார். மாப்பிள்ளையின் காது சிவந்தது. “நான் மறைக்கல டாக்டர். யாரும் கேக்கல,” என்றார். மனைவியைப் பரிசோதித்தாகிவிட்டதா என்று ஒருமுறை ஒரு நர்ஸ் கேட்டதாகவும், ஆகிவிட்டது என்று தான் சொன்னதாகவும், முடிவு என்ன என்று அந்த நர்ஸ் கேட்கவில்லை என்றும் சொன்னார். டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பிக் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

அவர் விளக்கியது இது. கிருமி ஓயாமல் தன்னைப் பிரதி எடுக்கிறது. எடுக்கும்போது பிழை வருகிறது. முழு அளவு மருந்து இருந்தால் பிரதி எடுப்பதே ஏறக்குறைய நின்றுவிடும். அளவு பாதியானால் நிற்காது. பிழையோடு பிறந்த சில கிருமிகளை மருந்து தொடுவதில்லை. மற்றவை குறைய, அவை பெருகும். முதல் மாத்திரையில் அப்படி நடந்திருக்கலாம். முதல் மாத்திரையை எதிர்க்கப் பழகிய கிருமிக்கு இரண்டாவதை எதிர்ப்பது சுலபம். இரண்டாவதும் பாதிதான் போயிருக்கிறது.

மாப்பிள்ளை கவனமாகக் கேட்டார். அவர் வளர்ந்தது எஸ்டேட் தோட்டத்தில்; பதினேழு வயதில் முதுகில் மருந்துத் தோம்பு மாட்டிக் களைக்கொல்லி அடித்தவர்.

“மச்சான், புல்லு மாதிரிதானே?” என்றார் என்னிடம். “எங்க தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி மருந்துல தண்ணிய ஊத்திக் கலக்கி வச்சிருவான். அத அடிச்சா புல்லு மஞ்சளாகும், சாவாது. மறுபடி மொளச்சு வர்றது இருக்கே, அதுக்கப்புறம் நல்ல மருந்த அடிச்சாலும் அசையாது.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் அதேதான் என்றார்.

“அப்ப நாந்தான் கிராணி,” என்றார் மாப்பிள்ளை.

இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். தங்கையின் பெயர் பதிவேட்டில் ஏறியது. எழுத்தர் அடையாள அட்டையைக் கேட்டபோது அவள் அதைக் கைப்பைக்குள் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் விரலைப் பிரித்து வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அந்த ஏஜெண்டை அழைத்தேன். எண் இன்னும் அதே எண்.

“நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்? பொம்பளைங்க ஆளாளுக்கு ஒண்ணு பேசிக்குவாங்க.”

“அன்னைக்கு அவகூட அந்தக் கடையில உக்காந்த வேற ரெண்டு பொண்ணுங்ககிட்டயும் கேட்டுட்டேன். வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுதான்.” கேட்டிருந்தேன்; அது பழைய பழக்கம்.

“சும்மா பொதுவா ஒரு எச்சரிக்கை சார். அவங்க நல்லதுக்குத்தான். என்ன, பேப்பர்ல போடுவீங்களா? இப்ப யாரு சார் பேப்பர் படிக்கிறா?”

“வேலைக்குச் சேர்றப்ப அவ கையெழுத்துப் போட்ட மருத்துவப் படிவத்த அனுப்பு.”

“அது எதுக்கு சார்?”

“அனுப்பு.”

மூன்று நாள் கழித்து வாட்ஸாப்பில் அனுப்பினான். இரண்டு பக்கம். காசநோய் உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பமா என்று கேள்விகள். கல்லீரல் என்ற சொல் இரண்டு பக்கத்திலும் இல்லை. அவளுடைய கம்பெனியில் மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் தங்கை தானே போய் நோயைச் சொன்னாள். அந்தப் பெண், கையில் வெட்டுப்பட்டால் உடனே சொல், கையுறை போட்டுக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது எல்லோருக்கும் அங்கே ஏற்கெனவே உள்ள விதிதான். இதைத் தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது பஸ்ஸில் இருந்தாள். பின்னணியில் பாலத்து நெரிசலின் ஹார்ன் சத்தம் கேட்டது. “ஒம்பது வருசம்ண்ணே,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த ஏஜெண்டின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவன் கெட்டவன் என்பதால் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனவன் அவன். டிக் போட்டவர்களும் அடுத்த நோயாளிக்குப் போனார்கள். நானும் அடுத்த பக்கத்துக்குப் போனேன். பழியைத் தலையில் கட்ட ஒருவனைத் தேடினால் எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தவர்களாகவே நிற்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிருமி மருந்தை எதிர்க்கிறதா என்று பார்க்கும் சோதனையின் முடிவு சில வாரங்களில் வந்தது. முதல் மாத்திரை, இரண்டாவது மாத்திரை, இரண்டுமே இருவருக்கும் இனி பயன்படாது. அவள் உடம்பிலேயே கிருமி பழகிக்கொண்டதா, பழகிய கிருமி அவரிடமிருந்து வந்ததா என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றார் டாக்டர். மூன்றாவதாக ஒரு மாத்திரை இருந்தது. கிருமி அதை இன்னும் எதிர்க்கவில்லை. தனித்தனி அட்டை, தனித்தனிப் பெட்டி. ஸ்கேனில் மாப்பிள்ளையின் கல்லீரல் ஓரளவு தப்பியிருந்தது. பெரிய துண்டு எப்போதும் அவருக்குத்தான் போயிருந்தது. தங்கையின் கல்லீரல் சுருங்கித் தழும்பேறியிருந்தது. மருந்து கிருமியை அடக்கும், ஆனால் தழும்பை அழிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் புற்றுக்கட்டி வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டர். மகளுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தார்கள். அவளும் பினாங்கில் சோதித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை.

கால் வீக்கம் வடிந்தது. கண் வெளுத்தது. தங்கை சமையற்கூடத்தில் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்தரைக்கு எழுந்தால் போதும். ஒருமுறை நான் போயிருந்தபோது தட்டு நிறைய நாசி லெமாக் வைத்துக்கொண்டு, “இப்ப அந்த அத்தைய வரச் சொல்லு, டயட்டு சொல்லித் தரேன்,” என்றாள். மாப்பிள்ளை தன் மாத்திரையை எடுத்துக் காட்டி, “முழுசு மச்சான், பாத்துக்குங்க,” என்று போலீஸ்காரரிடம் லைசென்ஸ் காட்டுவதுபோல் நீட்டினார். நானும் பார்த்தேன். இப்போதெல்லாம் நான் கேட்கிறேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எதோடு என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கிறது.

ஆறாவது மாதம் ரத்தச் சோதனையில் இருவருக்கும் கிருமி கண்டறியப்படவில்லை. அதே வாரம் தங்கைக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலின் வலப்பக்கத்தில் ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது. முதல் ஸ்கேனில் அது இல்லை.